ஒரு குவளைத் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் கணவனின் சுண்ணாம்புத் தூள், சூடாக்கித் திரும்பப் பயன்படுத்திய சில சுற்றுகளிலேயே கரியமில வாயுவைப் பிடிக்க முடியாமல் களைத்துப்போனது. பக்கத்து உலையில் மனைவியின் தூளோ மாதக்கணக்கில் சளைக்கவில்லை. எல்லோரும் அவளைக் கொண்டாட, அவனுக்கு வயிறு எரிந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து, ஆறியிருந்த அவள் தூளில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டிவிட்டான்.

மறுநாள் அவள் ஓடிவந்தாள்.

"என்னங்க, என் தூளும் போன வாரமே படுத்துடுச்சு. வெட்கப்பட்டு மறைச்சேன். யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க, இப்போ புதுசு மாதிரி பிடிக்குது!"

அவன் திருதிருவென விழித்தான்.

"ஆய்வுக் கட்டுரையில ஊத்துனவர் பேரைத்தான் முதல்ல போடணும்னு இயக்குநர் சொல்றார்."

'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தான்.

"என்ன நினைச்சு ஊத்தினாங்கன்னு மட்டும் வந்து விளக்கணுமாம். யாருங்க அது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றான், தன் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டு.