பிடிபட்ட சீனி

மங்கம்மாவின் கொண்டைக்குள்ளிருந்து சீனிப் பொட்டலத்தை நீலாவதி உருவி எடுத்தாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி தரையில் காறித் துப்பினாள்.

"நல்லா எடு. பொம்பளைங்க கொண்டையைக் கிண்டுறதுதானே ஒன் பொழப்பு" என்றாள் மங்கம்மா.

"நாக்கை அடக்குடி. வேலிக்கு அந்தப் பக்கம் சீனி போகக் கூடாதுன்னு ஒனக்குத் தனியா சொல்லணுமா?"

மலாய் நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்த பிறகு ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடிவதே இப்படித்தான். மலையில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைச் சோறும் போய்விடக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்க நீலாவதி.

அவளும் வேலைக்கு வரும்போது முந்தானையை உதறிக் காட்டத்தான் வேண்டும். மதியம்வரை அங்கே நிற்க வேண்டும், ஒரு பிஸ்கோத்துகூடக் கையில் இருக்கக் கூடாது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள் ஒருநாள் மயங்கி விழுந்தாள். நோயாளிக்கு வாசலில் என்ன வேலை என்று அன்றே சீட்டைக் கிழித்து, வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இராஜமாணிக்கத்துக்கு நீலாவதியைக் கண்டாலே ஆகாது. மங்கம்மா அவருக்குக் கீழே பால் வெட்டுகிறவள். அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தம்பின் ஊர் டாக்டரை மாதம் ஒருமுறை பார்க்கிறாள். மற்ற நாளெல்லாம் தானே ஊசி குத்திக்கொள்கிறாள். ஊசிக்குப் பிறகு கைகால் நடுங்கினால் உடனே வாயில் சீனி போட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடும். எல்லாம் மங்கம்மாவே அவரிடம் சொன்னது.

அந்தச் சீனியைத்தான் நீலாவதி தினமும் பறித்தாள். பறித்ததில் ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு, "சீனிதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள். மீதி அவள் மேசைக்கு அடியில் இருக்கும் தகர டப்பாவுக்குப் போகும். மங்கம்மாவும் விடுவதாக இல்லை. மறுநாள் முந்தானை முடிச்சில் கொண்டுவருவாள், அதற்கு மறுநாள் வாளிக்கடியில்.

இன்றும் நீலாவதி பொட்டலத்தைப் பிரித்துச் சிட்டிகை எடுத்தாள். வாய்க்குப் போகுமுன் அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. புதிதாக வந்த போலீஸ் சார்ஜெண்ட்.

மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தமிழ் பேசுவார். பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"யாருக்கு இது? மலைக்கா?"

"எனக்கு. இனிப்பு நீரு."

"எல்லாரும் இப்படித்தான்லா சொல்றது. சிரம்பான் ஜெயில்ல போய்ச் சொல்லு." வாசலில் நின்ற போலீஸ் லோரியைக் காட்டினார். அதில் ஏறிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இராஜமாணிக்கம் முன்னால் வந்தார். "நான் சாட்சி, சார்ஜெண்ட். ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரசரைக் கூப்பிடுங்க. என் சம்சாரம் இந்த வியாதியிலதான் போனா. மூத்திரத்தை நீலத் தண்ணியில விட்டுக் காய்ச்சினா செங்கல்லு மாதிரி செவக்கும். பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"செவக்கலன்னா?"

"நானும் லோரியில ஏறுறேன்."

"ஐயோ மண்டோரே! ஒங்கள யாரு கேட்டா?" என்று மங்கம்மா பதறினாள். கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நீலாவதியைத் திரும்பிப் பார்த்தார். பனி இன்னும் விலகவில்லை. அவள் மேலுதடு வியர்த்திருந்தது. பயப்படட்டும், இத்தனை நாள் செய்ததற்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து டிரசர் ராமகிருஷ்ணன் விளக்கும் கண்ணாடிக் குழாயுமாக வந்தார். மங்கம்மா தகர மறைவுக்குப் பின்னால் போய், சார்ஜெண்டின் பரம்பரையையே வைதுகொண்டு, போத்தலோடு திரும்பினாள். டிரசர் சில சொட்டுகளை நீலத் தண்ணீரில் விட்டுக் குழாயை நெருப்பில் காட்டினார். வரிசை கலைந்து மேசையைச் சூழ்ந்தது.

குழாய் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

"சீனி இல்ல. நல்ல ஒடம்பு" என்றார் டிரசர்.

இராஜமாணிக்கம் மங்கம்மாவின் பக்கம் திரும்பினார். "யாருக்குக் கொண்டுபோன, மங்கம்மா?"

"எனக்குத்தான்."

"கொழாயிலதான் தெரியுதே!"

"அந்தக் கொழாய் பொய் சொல்லுது. என்னையக் கொன்னாலும் இதுக்கு வேற பதில் கெடையாது." யாரும் தொடுமுன் அவளே லோரியில் ஏறி, கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "மண்டோரை விட்டுருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"சொன்ன சொல்லு சொன்னதுதான்லா" என்றார் சார்ஜெண்ட்.

இராஜமாணிக்கம் லோரியின் படியில் கால் வைத்தார். மலைக்குத்தான் கொண்டுபோகப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் தன்னையும் ஏமாற்றியிருக்கிறாள்.

பின்னால் நாற்காலி சாய்ந்து விழுந்தது. நீலாவதி மேசையைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அவள் கை நடுங்கியது.

"உக்காருடி! வாயத் தொறக்காத!" என்று லோரியிலிருந்து மங்கம்மா கத்தினாள்.

நீலாவதி காதில் வாங்கவில்லை. மேசைமேல் இருந்த பொட்டலத்தை எடுத்தாள். சார்ஜெண்டின் முகத்தைப் பார்த்தபடியே அத்தனை சீனியையும் வாயில் கொட்டிக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள்.

பிறகு போத்தலுக்குக் கை நீட்டினாள்.

"வியாதி எனக்கு, டிரசரே. என்னுதக் காய்ச்சிப் பாருங்க."