தண்ணி பெல்

ஜெனிலாவின் தண்ணீர் பாட்டில் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. நீர்க்கடுப்பில் பிள்ளை துடித்த அன்று செல்வமேரி பொறுமை இழந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

“ஏட்டி, தண்ணி குடின்னு எத்தன தடவ சொல்லுதேன்?”

“கக்கூஸ பூட்டிப் போட்டிருக்காவம்மா. தண்ணி குடிக்கச் சொல்லி பெல் மட்டும் அடிப்பாவ. எல்லாரும் பாட்டில வாயில வச்சிட்டு எடுத்துருவோம். யாரும் முழுங்க மாட்டோம்.”

அடித்த கை எரிந்தது. மறுநாள் அதே பாட்டிலோடு தலைமையாசிரியையின் அறைக்குள் போய் நின்றாள். கக்கூஸ் சாவி மேசைமேல் கிடந்தது.

“தொறந்து விட்டா பிள்ளைங்க அசிங்கம் பண்ணிருதுங்கம்மா. ஆபீசர் வந்து பாக்கும்போது சுத்தமா இருக்க வேண்டாமா?” என்றார் தலைமையாசிரியை.

செல்வமேரி பாட்டிலைத் திறந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, ஆபீசருக்காகப் போட்டிருந்த குஷன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் இதுலதான் இருப்பேன். ஒண்ணுக்கு முட்டினாலும் எந்திரிக்க மாட்டேன். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்.”

வெளியே தண்ணி பெல் அடித்தது.