நான்கு முளைக்குச்சிகள்

வெள்ளத் தடுப்பணையின் காவலர் கரையின் அடிவாரத்தில் குனிந்தபடி நிற்கிறார். கசிவின் ஈரம் எவ்வளவு பரவுகிறது என்று குறிக்க, அதன் விளிம்பில் அவர் அடித்து வைத்த நான்கு முளைக்குச்சிகளையும் காணவில்லை. அங்கே யாரோ கருமண் கொட்டிப் புல் பதித்திருக்கிறார்கள். தட்டிச் சமன்செய்த மண்ணில் நெடுக ஒரு கோடு ஓடுகிறது. அது அலகில் பொக்கை விழுந்த அவருடைய மண்வெட்டியின் தடம். நேற்று அதை இரவல் வாங்கிப்போன தங்கையின் கணவன் இப்போது பக்கத்தில் நிற்கிறான். "கரையக் கண்ணாட்டம் வச்சிருக்கீங்களே!" என்று ஆய்வுக்கு வந்த பொறியாளர் கரைமேலிருந்து சிரிக்கிறார். வெயிலில் அவருடைய பேனா மின்னுகிறது.

"என்ன மாப்ளே இது?" காவலர் தணிந்த குரலில் கேட்கிறார்.

"சும்மா இருங்க மச்சான். கசிவுன்னு எழுதினா அணைத் தண்ணிய மொத்தமாத் தொறந்து விட்ருவாங்க. அப்புறம் நடவுக்கு என் கண்ணீரையா பாய்ச்சுறது?"

கரைக்குக் கீழே முதல் வீடு அவனுடையது. அதன் வாசலில் தங்கை ஈரத்துணியை உதறும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. காவலர் வெறுங்காலால் புதுப்புல்லை மெல்ல அழுத்துகிறார். விரலிடுக்கில் தண்ணீர் ஊறுகிறது. நேற்றுவரை தெளிவாகக் கசிந்த தண்ணீர்தான். கொட்டியிருப்பது கருமண், ஊறுவதோ கரையின் செம்மண் கலங்கல். கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது.

"சார், கொஞ்சம் கீழ எறங்கி வாங்க."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், வீட்டுப் பக்கம் அல்ல, வயல் பக்கம்.