நோன்புக்காரர் கொண்டுவந்த டப்பா

செம்பூரில் இருந்த அந்த உணவு ஆய்வுக்கூடத்தில் கரீம் பாட்சா பிரியாணித் தம்மை உடைத்ததும், வாசல் செக்யூரிட்டி எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

இசக்கிசெல்வி கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். விஞ்ஞானிதான். ஆனாலும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரி.

நாலு நாட்டுக்காரர்கள் ஒரே கலத்தில் நிலாவுக்குப் போகிறார்கள். நாட்டுக்கு ஒரு சாப்பாடு. ஆனால் ஒரு நாடு தருவதை மற்றவர்களும் ஒத்துக்கொண்டால்தான் அது கலத்தில் ஏறும். இந்தியாவின் பங்குக்குத் தாராவி தொண்ணூறடி ரோட்டில் மெஸ் வைத்திருக்கும் கரீம் பாட்சாவைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

அவர் மகன் ராஹில் ஒரு அவசரக்குடுக்கை. ‘நிலாவில் எங்கள் பிரியாணி’ என்று பேனரே அடித்துக் கடை வாசலில் கட்டிவிட்டான். இன்றைக்கு இது ஏறாமல் போனால் கரீம் பாட்சா தெருவில் தலைகாட்ட முடியாது.

நோன்பு மாதம். செய்ததில் ஒரு பருக்கையைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. இந்த ஒரு மாதமும் அவருக்கு மூக்குதான் நாக்கு. ஆவியை முகர்ந்தே உப்புக் குறைவா, கூடுதலா என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகத் தப்பியதில்லை.

“நோன்புன்னுட்டு டப்பாவும் கையுமா வந்திருக்கீங்களே பாய், யாருக்கு?” என்று பெஞ்சில் இருந்த எவர்சில்வர் டப்பாவைக் காட்டி இசக்கிசெல்வி கேட்டாள்.

அவர் சிரித்து மழுப்பினார்.

நிலாவுக்குப் போகிற நாலு பேரில் ஒருத்தி, இங்க்ரிட், மற்றவர்களுக்கும் சேர்த்து ருசி பார்க்க வந்து உட்கார்ந்தாள். பிரியாணியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துத் தன் மூக்கை இறுக்கிக்கொண்டாள்.

துணி காயப்போடுகிற கிளிப் மாதிரியே இருந்தது.

கரீம் பாட்சாவுக்குச் சுருக்கென்றது. வாசனை பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி வருகிற கூட்டம் அவருடையது. அவர் முன்னால் வந்து உட்கார்ந்து இதுவரை யாரும் மூக்கை மூடியதில்லை.

இசக்கிசெல்வி மெதுவாக எடுத்துச் சொன்னாள். எடையில்லாத இடத்தில் உடம்பின் நீரெல்லாம் தலைக்கு ஏறிவிடும். ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கு அடைத்தே கிடக்கும். அங்கே எப்படி ருசிக்குமோ, அப்படித்தான் இங்கேயும் ருசி பார்க்கிறாள்.

இங்க்ரிட் வாய் நிறைய வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு கரீம் பாட்சாவுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. சமைத்தவன் மனசு நோகக் கூடாதே என்று சிரிப்பது.

தாளில் ஒன்பதுக்கு மூன்று போட்டாள்.

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிரியாணியில் மணத்தைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? சோறு, கறி, கொஞ்சம் நெய். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பேனர் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இசக்கிசெல்வி வருத்தத்தோடு ஃபைலை மூடினாள். வேறு நாட்டின் சூப் ஒன்று வரிசையில் காத்திருந்தது.

கரீம் பாட்சா கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். டப்பாவைப் பார்த்தார். ஒரு நிமிஷம் தயங்கினார்.

பிறகு டப்பாவைத் திறந்து இங்க்ரிட் முன்னால் நகர்த்தினார்.

சுண்டக் காய்ச்சிய புளியாணம் என்கிற புளி ரசத்தில் பிசைந்த சோறு. நசுக்கிய மிளகும் பச்சை மிளகாயும் துண்டு துண்டாக இஞ்சியும். மேலே கை நிறைய வறுத்த வேர்க்கடலை. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. செக்யூரிட்டி எழுந்து வரவும் இல்லை.

இங்க்ரிட் கிளிப்பைக் கழற்றாமலே ஒரு கரண்டி எடுத்தாள். கடலை நொறுங்குகிற சத்தம் கேட்டது.

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். புளிப்பில் ஒரு கண் தானாகச் சுருங்கியது. காரம் ஏறிக் காது வரைக்கும் முகம் சிவந்தது. யாரையும் கேட்காமல் அடுத்த கரண்டியை எடுத்தாள், அதற்கடுத்ததையும். இந்தத் தடவை அவள் சிரிக்க மறந்துபோனாள்.



ஒன்பதுக்கு ஒன்பது.

இதை எத்தனை நாள் செய்து பார்த்தார் என்று இங்க்ரிட் கேட்டதாக இசக்கிசெல்வி சொன்னாள்.

“மூணு வருஷமா, தெனமும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

வெளியே வந்து ரஷீதாவுக்குப் போன் போட்டார். அவர் மனைவி பக்கத்துத் தெருவில்தான் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். சர்க்கரை மாத்திரை போடுகிறவள், நோன்பு வைக்க முடியாது. ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

டப்பா வராது, வெளியில் ஏதாவது வாங்கி வருகிறேன் என்றார். அந்தச் சோறு எங்கே போகப் போகிறது என்பதைச் சொன்னார். மூக்குக் கிளிப்பைச் சொன்னார். நிலா வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு மூக்கு அடைத்தே கிடக்கும் என்பதையும் சொன்னார். பேனரை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

ரஷீதா பேனரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“என்னய மாதிரியே அவளுக்கும் ஒரு மணமும் தெரியாதாங்க? எனக்காச்சும் அது காய்ச்சல்ல போச்சு. அவ தெரிஞ்சே போறாளே, பாவம். இஞ்சிய இன்னும் ரெண்டு துண்டு கூடப் போட்டுக் குடுங்க.”