அறுபத்தொண்ணாம் ஸ்டால்

"இங்க பாரு, இன்னைக்கும் ஒண்ணு போட்டிருக்கான்!"

நப்லான் போனை பொஞ்சாதி நிஷ்மியாவோட மூக்குக்கு நேரா நீட்டினாரு. அவ வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்தா.

போன்ல அலுவிகாரை சசிக்குமார். கராம்பு வியாபாரி. கையில கராம்புப் பை, பல்லு முப்பத்திரெண்டும் வெளிய. 'தம்புள்ள வியாபாரக் கண்காட்சியில மூணாம் ஸ்டால்ல இருப்பேன். சரக்கு தேடுறவங்க இப்பவே பேசுங்க, அங்க நேர்ல சந்திப்போம்'னு தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் எழுதியிருந்தாரு. நானூத்திப் பன்னெண்டு லைக்.

"நல்லாத்தானே எழுதியிருக்காரு?"

"கண்காட்சிக்கு இன்னும் ரெண்டு கிழம, முழுசா பதினாலு நாள் இருக்கு. இவன் இப்பவே கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஊரையே அழைக்கிறான்."

"நீங்களும் அழைங்களேன்."

நப்லானும் அழைச்சாரு தான். உக்குவளை வீட்டு முத்தத்துல காயுற வெள்ள மொளகப் படம் எடுத்து பேஸ்புக்ல போட்டாரு. ஆறு லைக். அதுல ஒண்ணு அவரே போட்டது.

போன வருஷக் கண்காட்சியில ஒரு ஆர்டரும் கெடைக்கல. இந்த முறையும் கெடைக்கலன்னா பழையபடி கட்டாருக்குப் போய் லொறி ஓட்டுறதுன்னு முடிவு. பாஸ்போட்ட புதுப்பிச்சு அலுமாரில வெச்சிருந்தாரு. அன்னையிலருந்து நிஷ்மியா அந்த அலுமாரிப் பக்கமே போறதில்ல.

மறுநாள் சசிக்குமார் ஒரு கொழும்புக்காரர் தோள்ல கை போட்டு நிக்கிற படம் வந்துச்சு. நப்லான் அவர ப்ளொக் பண்ணிட்டாரு.

"ப்ளொக் பண்ணினா அவருக்கு யாவாரம் கொறஞ்சிடுமா?"

"எனக்கு சோறு எறங்கும்."

கண்காட்சியில நப்லானுக்குக் கெடைச்சது அறுபத்தொண்ணாம் ஸ்டால். கடைசி வரிசை. கக்கூஸுக்குப் பக்கத்துல.

"பாத்தியா? அவனுக்கு வாசல், நமக்கு வாளி."

ஆனா கண்காட்சி அன்னைக்கு பத்து மணிக்கு ஒருத்தர் வந்தாரு. "வெள்ள மொளகு நப்லான் நானா நீங்க தானே?"ன்னு அண்ணன் முறை வெச்சுக் கேட்டாரு.

பின்னால இன்னொருத்தர். அப்புறம் ரெண்டு பேரு. பதினொரு மணியாகும்போது கக்கூஸுக்கு வந்தவங்கள விட மொளகுக்கு வந்தவங்க கூட.

நப்லான் தொப்பிய சரி பண்ணிக்கிட்டாரு. "சரக்கு பேசுது நிஷ்மியா. நம்ம படம் காட்டத் தேவையில்ல."

நீல சட்ட போட்ட ஹோட்டல்காரர் ஒருத்தர் மொளகு சாம்பிள் வாங்கிட்டு, "நல்ல கராம்பு இங்க யார்கிட்ட இருக்கும் நானா?"ன்னு கேட்டாரு.

"கராம்பா?" நப்லான் மேல பாத்து யோசிச்சாரு. "இந்தக் கண்காட்சில அப்படி யார்கிட்டயும் இல்லங்களே."

நிஷ்மியா அவரப் பாத்தா. அவரு தராசத் தொடச்சாரு. அது சுத்தமாத்தான் இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல சசிக்குமாரே அந்தப் பக்கம் வந்தாரு. "எப்படி நானா, ஆளுங்க வர்றாங்களா?"

"வராம என்ன தம்பி? நாங்க பேஸ்புக்க நம்பியா கட போட்டோம்?"

"அதானே," ன்னு சிரிச்சிட்டுப் போனாரு சசிக்குமார்.

மத்தியானம் ஒரு அம்மா வந்தாங்க. பேரு நூருன்னிஸா, கொழும்புல மசாலாக் கம்பெனி நடத்துறவங்க. மொளகக் கையில தேச்சாங்க, மோந்தாங்க, ஒண்ணக் கடிச்சாங்க. கண்ணுல தண்ணி வந்த பொறகு தான் பேசினாங்க.

"மாசா மாசம் எடுக்குறேன். ஆனா நடுவுல நிப்பாட்டிட்டு வெளிநாடு கிளிநாடு போயிட மாட்டீங்களே?"

நப்லான் வாயத் தொறக்குறதுக்குள்ள நிஷ்மியா சொன்னா, "அல்ஹம்துலில்லாஹ், இவரு எங்கயும் போக மாட்டாரு."

நப்லானுக்குப் பெருமை தாங்கல. அத அந்தம்மா வாயாலயே கேக்கணும்னு ஆச. "எங்க சரக்கப் பத்தி கொழும்பு வரைக்கும் எப்படி மேடம் தெரிஞ்சுச்சு?"

"எப்படியா? ரெண்டு கிழமையா வீடியோவுக்கு வீடியோ இவரு ஒங்களப் பத்தித்தானே சொல்றாரு!"

போனத் திருப்பிக் காட்டினாங்க. அதே பல்லு முப்பத்திரெண்டும்.

"எங்கிட்ட கராம்பு மட்டும் தாங்க. வெள்ள மொளகு கேட்டு நெறய பேரு எழுதுறீங்க. மாத்தளையில அத ஒழுங்கா ஊறவெச்சு, ஒழுங்கா தோலுரிக்கிற ஆளு உக்குவளை நப்லான் நானா. அறுபத்தொண்ணாம் ஸ்டால். கக்கூஸுக்குப் பக்கத்துல போட்டுட்டாங்க, அதுக்காகப் போகாம இருந்துடாதீங்க!"

நிஷ்மியா மேச விரிப்ப இழுத்து நேராக்கினா. யாரயும் பாக்கல.

"ஆ, இந்த வீடியோவா?" பின்னால சத்தம். சசிக்குமார் ரெண்டு கையிலயும் பிளேன்டீயோட நின்னாரு. "நானா, இதுல உங்கள டேக் பண்ணலாம்னு ரெண்டு கிழமையா தேடுறேன். உங்க பேரு வரவே மாட்டேங்குது. அதான் வாயாலயே சொல்லிட்டேன். ஏன், பேஸ்புக்க மூடிட்டீங்களா?"

நப்லான் போன சட்டப் பைக்குள்ள தள்ளினாரு. பிளேன்டீய ரெண்டு கையாலயும் வாங்கினாரு. அப்புறம் நிஷ்மியா பக்கம் திரும்பினாரு.

"காலைல கராம்பு கேட்டாரே, அந்த நீல சட்டக்காரரு... அவரு எந்தப் பக்கம் போனாரு?"