தாய்வீட்டுச் சீர்

கோதையின் கல்யாணத்துக்கு அவள் அம்மா கட்டிலும் பீரோவும் தரவில்லை. தன் வீட்டில் இத்தனை காலம் கூடமாட ஒத்தாசையாக இருந்த இயந்திரத்தையே சீராகக் கொடுத்தனுப்பினாள். "எல்லாத்தையும் என்னைப் பாத்துப் பாத்தே கத்துக்கிச்சு. நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம்" என்றாள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எடுபிடி.

புது வீட்டிலும் எடுபிடி ஒரு குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, கோதை சமையலறையில் இருந்தாள். கூடத்தில் அவள் கணவன் தயாளன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும், "அடிச்சான் பாரு!" என்று வீடே அதிரக் கத்தினான்.

எடுபிடி விறுவிறுவென்று சமையலறைக்குள் வந்தது. மேடையிலிருந்த கண்ணாடித் தம்ளர்களை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது. பிறகு வெறும் மிக்ஸியை முழு வேகத்தில் ஓடவிட்டது.

சத்தம் கேட்டு வந்த தயாளன் மிக்ஸியை அணைத்தான். "என்ன கோதை, ஒண்ணுமே போடாம ஓடுது?"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு... எங்கப்பா கத்த ஆரம்பிச்சா அம்மா இப்படித்தான் பண்ணுவாங்க. நான் ரொம்ப நாள் சட்னி அரைக்கிறாங்கன்னுதான் நெனச்சேன்."

அவன் முகம் வாடிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நாளைக்கே ஆளை வரச்சொல்லி, இது கத்துக்கிட்டதையெல்லாம் அழிச்சிடலாம்."

அவன் கத்தியதுமே, எடுபிடி உள்ளே நுழைவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தி, தாழ்ப்பாளில் வைத்த கையைக் கோதை இன்னும் எடுக்கவில்லை.