ஒன்பதாவது எண்

“மூணு வருஷமா நிக்காம ஓடின மருந்துப் பம்பு, உன் கை பட்டதும் நின்னுடுச்சே!” என்று சோதனை அறையில் மேலாளர் கத்தினார். அதன் மென்பொருளைத் திருத்தியது நான்தான். வேலை போய்விடும் என்ற பயத்துடனே விளக்கினேன்.

“சார், பம்பை இயக்குற பழைய டிரைவர் புரோகிராம்ல, சென்சார் அனுப்புற எண்களுக்கு எட்டு இடம்தான். ஒன்பதாவது வந்தா பக்கத்து மெமரியில எழுதிடும். எட்டுக்கு மேல போகுதான்னு பார்க்கிற சோதனையை நான் அதுல சேர்த்துட்டேன். இப்ப அதை மீறினா பம்பு நின்னு அலாரம் அடிக்கும்.”

“பக்கத்துல அப்படி என்ன புதையலா இருக்கு?”

“மருந்தோட அளவு, சார். சத்தமில்லாம மாறிடும்.”

அவர் கைப்பேசியை எடுத்தார். எண்ணை இருமுறை தவறாக அழுத்தினார்.

“அக்கா, ஐசியுவுல அம்மாவுக்கு மாட்டியிருக்கிற பம்பை உடனே கழட்டச் சொல்லு. ஆமா, நான் சொல்லி வாங்க வெச்ச அதே பம்புதான்!”